மேடை ஏறினா தொண்டை அடைக்குது, என்ன பண்றது?

கேள்வி, 2024 ஆகஸ்ட் 19

வயசு 27. அஞ்சு வருஷமா வாய்ப்பாட்டு கத்துக்கறேன். நவராத்திரிக்கு எங்க அபார்ட்மென்ட் பிள்ளையார் கோயில்ல அரை மணி நேரம் பாடச் சொல்லிட்டாங்க. வீட்ல நல்லாத்தான் வருது. எதிர்ல நாலு பேர் உக்காந்தா மேல் ஸ்தாயி போறப்ப குரல் ஆடுது, கை வேர்த்து தாளமே வழுக்குது. இதுக்கு ஏதோ மாத்திரை இருக்காமே, போட்டுக்கலாமா? பயமே இல்லாம பாட வழி இருக்கா?

ஆகஸ்ட் 19, ராத்திரி 10.40

பயமே இல்லாம பாட வழி இல்ல தம்பி. அத தேடறத மொதல்ல விடு.

செல்லோ வாசிச்ச பாப்லோ காஸல்ஸ், தொண்ணூறு தாண்டியும் வாசிச்சவர், கடைசி வரைக்கும் மேடைன்னா நடுங்கினவர்தான். பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் 1967ல நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல அவ்ளோ பெரிய கூட்டத்துக்கு முன்னாடி வரி மறந்து, அதுக்கப்புறம் கிட்டத்தட்ட 27 வருஷம் டிக்கெட் போட்டு கச்சேரி பண்ணவே இல்ல. அவங்களுக்கே அப்படின்னா உனக்கு பிள்ளையார் கோயில்ல கை வேர்க்கறது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல.

என் கதை நாளைக்கு. இட்லிக்கு அரைக்கணும்.

ஆகஸ்ட் 20

1993, நான் பத்தாவது. ஸ்கூல் ஆண்டு விழாவுல ஒரு கீர்த்தனை. முதல் பகுதி பல்லவி பாடினேன், சங்கதியெல்லாம் (ஒரே வரிய விதவிதமா மாத்திப் பாடறது) வந்துது, அடுத்த பகுதி அனுபல்லவி எடுக்கணும், வாயத் தொறந்தேன், ஒண்ணும் இல்ல. மறந்துபோச்சுன்னு கூட சொல்ல முடியாது, அப்படி ஒரு வரி உலகத்துல இருந்த மாதிரியே தோணல. கை பாட்டுக்கு தொடையில ஆதி தாளம் போட்டுக்கிட்டே இருக்கு, வயலின் வாசிச்ச சார் அந்த வரிய ரெண்டு தடவ வாசிச்சு எடுத்துக் கொடுக்கறார், நான் மீன் மாதிரி வாய மட்டும் தொறந்து தொறந்து மூடறேன். முன் வரிசையில யாரோ களுக்னு சிரிச்சாங்க. எழுந்து ஓடிட்டேன், மைக் ஒயர் கால்ல மாட்டி ஸ்டாண்டும் விழுந்துது.

அதோட பாட்டு கிளாஸ் கட். 24 வருஷம் கழிச்சு, 39 வயசுல, பொண்ண கிளாஸ்ல சேக்கப் போன இடத்துல நானும் சேந்தேன். அவ மூணே மாசத்துல நின்னுட்டா, நான் இன்னும் போறேன்.

அதனால நான் சொல்றதெல்லாம் விழுந்தவ சொல்றது. பெரிய வித்வான் யாராவது வேற மாதிரி சொன்னா அவங்க சொல்றத கேளு.

ஆகஸ்ட் 21

மாத்திரை. நீ கேள்விப்பட்டது ப்ரோப்ரனோலால்னு நெனக்கிறேன். ஜேம்ஸ் பிளாக்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் இதய வலிக்காக கண்டுபிடிச்சது, பின்னாடி நோபல் பரிசும் வாங்கினார். மேடைக்காரங்க அத கெட்டியா புடிச்சுக்கிட்டாங்க. அதே வகையில இன்னொரு மருந்த நரம்பு வாத்தியம் வாசிக்கறவங்களுக்குக் கொடுத்துப் பாத்து, 1977லயே லான்செட் பத்திரிகையில கட்டுரை வந்திருக்கு, நடுக்கம் குறைஞ்சு வாசிப்பும் மேல்னு. வில்லு புடிக்கிற கை நடுங்கினா அவங்க கதை முடிஞ்சுது, அதனால அவங்களுக்கு அது பெரிய விஷயம்.

ஆனா அது அட்ரினலின் இதயத்துலயும் கையிலயும் பண்ற வேலையத்தான் தடுக்கும். மறந்த அனுபல்லவிய கொண்டுவந்து தராது. வீசிங் இருக்கறவங்க தொடவே கூடாது, மூச்சுக்குழாய் இறுகிடும். எனக்கு சின்ன வயசுலேந்து வீசிங், டாக்டர்கிட்ட கேட்டதும் ஒரே வார்த்தையில வேண்டாம்னுட்டார். உனக்கு வேணும்னா நீயும் ஒரு டாக்டர்கிட்ட போய் கேளு, சிநேகிதன் கொடுத்தான்னு கச்சேரி அன்னிக்கு மொத தடவையா வாயில போட்டுக்காத.

ஆகஸ்ட் 21, திரும்ப

மேல எழுதினத படிச்சா மாத்திரை போடறவங்க எல்லாம் தப்புன்னு சொல்ற மாதிரி இருக்கு. அப்படி இல்ல. எனக்கு வீசிங் இல்லன்னா நானும் கேட்டு வாங்கியிருப்பேன். பொறாமையில எழுதினதுன்னு வச்சுக்கோ.

ஆகஸ்ட் 25

ஒடம்புல என்னதான் நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டா கொஞ்சம் நிம்மதி. புலி தொரத்தினா ஒடம்பு என்ன பண்ணுமோ அதையேதான் மைக்கப் பாத்தும் பண்ணுது. எச்சில் வத்திடும், நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். மூச்சு வயித்த விட்டு நெஞ்சுக்கு ஏறிடும். கழுத்து இறுகி குரல்வளை மேல தூக்கிக்கும், அதனாலதான் ஸ்ருதி சேராம தூக்கலா நிக்கிறது.

இதையெல்லாம் விட மோசம் காலப்பிரமாணம், அதாவது பாட்டோட வேகம். உள்ள எல்லாம் ஓடறப்ப நமக்கு நம்ம பாட்டு மெதுவா போற மாதிரி தோணும், உடனே தள்ளுவோம். 2019ல என் முதல் கோயில் கச்சேரி, மோகன ராகத்துல வர்ணம், கச்சேரியில மொதல்ல பாடற வகை. வீட்ல முதல் காலம் எப்படி உக்காரும்னு எனக்கு அத்துப்படி. அன்னிக்கு பறந்தேன். வர்ணத்துல என்ன வம்புன்னா முதல் காலத்துல எந்த வேகத்துல ஆரம்பிக்கறியோ அதுல இரட்டிப்புதான் ரெண்டாம் காலம். ஸரிகமன்னு பாடற முக்தாயி ஸ்வரம் வர்றப்ப எனக்கு ஸ்வரம் எல்லாம் சோழி குலுக்கின மாதிரி கேட்டுச்சு. முடிஞ்சதும் மிருதங்கம் வாசிச்ச பையன் கேட்டான், "அக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சா?"

ஆகஸ்ட் 26

"நிறைய சாதகம் பண்ணுங்க பயம் போயிடும்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். சரிதான். நூறு தடவ பாடு.

ஆகஸ்ட் 29

நேத்து வரைக்கும் நானும் அப்படித்தான் நெனச்சேன், ஆனா மேல சரிதான்னு எழுதிட்டு பாத்திரம் தேய்க்கறப்ப யோசிச்சா இடிக்குது. 1993ல நான் அந்தப் பாட்ட நூறு தடவைக்கு மேல பாடியிருந்தேன். தூக்கத்துல எழுப்பினாலும் பாடுவேன். அதுதான் பிரச்சினையே. ஆரம்பத்துலேந்து கடைசி வரைக்கும் ஒரே இழுப்பா பாடித்தான் பழக்கம், ரயில் மாதிரி. நடுவுல ஒரு பெட்டி கழண்டா எங்கேந்து ஏர்றதுன்னு தெரியாது. நின்னா திரும்ப எப்படி ஏர்றதுன்னு ஒரு தடவ கூட பழகினதில்ல.

இப்ப எங்க பாட்டு சார் வேற மாதிரி பழக்கறார். பாடிக்கிட்டு இருக்கறப்ப பொண்ண விட்டு "நிறுத்து"ன்னு கத்தச் சொல்லுவேன். வாய் நிக்கணும், கை நிக்கக் கூடாது. தாளம் போய்க்கிட்டே இருக்கும், அடுத்த ஆவர்த்தனம் (தாளத்தோட ஒரு முழு சுத்து) எடுப்பு, அதாவது பாட்டு ஆரம்பிக்கற எடம், வர்றப்ப அவ சொல்ற எடத்துலேந்து எடுக்கணும். "சரணம், மூணாவது வரி." மொத வாரம் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அவளுக்கு ஒரே குஷி, ஸ்கூல்ல நான் திட்டினதுக்கெல்லாம் சேத்து வச்சு பழி வாங்கினா.

வரி நிஜமாவே மறந்துட்டா மூணு வழி. கடைசியா பாடின சங்கதிய இன்னொரு தடவ பாடு, இல்ல அதே சுரத்துல அகாரமா, வெறும் "ஆ"ன்னு இழு, இல்ல பல்லவிக்கு திரும்பி வந்துடு. பல்லவிக்கு வர்றதுல வெக்கமே கிடையாது, கீர்த்தனையோட அமைப்பே அப்படித்தான். இந்த மூணையும் வீட்ல வேணும்னே பண்ணிப் பழகணும். நூறு தடவ முழுசா பாடறதுல இருவது தடவைய இதுக்கு ஒதுக்கு. (நூறுங்கறது ஒரு பேச்சுக்கு. எண்ணிக்கிட்டு உக்காந்துடாத.)

ஆகஸ்ட் 30

இன்னொண்ணு: மாடிப்படி ரெண்டு மாடி விறுவிறுன்னு ஏறி எறங்கி, இதயம் தடதடன்னு இருக்கறப்பவே உக்காந்து வர்ணம் எடு. அந்த தடதடப்புல பாடிப் பழகின ஒடம்புக்கு மேடையில அது புதுசா தெரியாது. முட்டி வலி இருக்கறவங்க வேண்டாம். எனக்கு இருக்கு, அதனால நான் மிக்ஸி ஓடறப்ப பாடறேன், அது வேற விதமான இம்சை.

செப்டம்பர் 7

பிள்ளையார் சதுர்த்தி, கொழுக்கட்டை வேலை, சுருக்கமா. தொண்டைக்கு என்னன்னு நாலு பேர் கேட்டிருக்கீங்க. அதிமதுரம், சித்தரத்தை, பனங்கற்கண்டு, மிளகுப் பால், எது உங்க வீட்டுப் பழக்கமோ அது. புதுசா எதையும் அன்னிக்கு முயற்சி பண்ணாதீங்க. மெந்தால் மிட்டாய் மட்டும் வேண்டாம், மரத்துப்போன தொண்டையில ஸ்ருதி எங்க நிக்குதுன்னே தெரியல எனக்கு. பிளாஸ்க்ல வெதுவெதுப்பா தண்ணி, கைக்கு எட்டற தூரத்துல. மூடி சுலபமா தொறக்கற பிளாஸ்க். ஏன் சொல்றேன்னு கேக்காதீங்க.

செப்டம்பர் 12

ஸ்ருதி. நான் பாடற ஸ்ருதியோட அளவு அஞ்சு கட்டை. பயத்துல எப்படியும் மேல எகிறும், அதனால மேடையில அரைக் கட்டை கொறச்சு வச்சுக்கோன்னு உனக்கு தனியா எழுதினேன்ல தம்பி? வாபஸ். சார்கிட்ட சொன்னேன், சிரிச்சுட்டார். தொண்டைக்கு அந்த ஸ்தானமெல்லாம் மனப்பாடம், கடைசி நேரத்துல மாத்தினா மந்தர ஸ்தாயி எட்டாது, கீழ காத்துதான் வரும்னார். கொறைக்கணும்னா இன்னிலேந்தே கொறச்சுப் பாடு, நவராத்திரிக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. அன்னிக்கு காலையில கட்டைய மாத்தறது பரீட்சை ஹால்ல கை மாத்தி எழுதற மாதிரி.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் பிடிச்சிருந்துது. காலையில கீழ் ஸட்ஜத்துல, அதாவது "ஸ"வுல, நீளமா இழுத்து கார்வை நிக்கச் சொல்றதே மூச்சுக்கு மருந்தாம். மூச்ச மெதுவா வெளிய விடறப்ப இதயத் துடிப்பும் அடங்கும். பத்து நிமிஷம் கண்ண மூடி "ம்"னு நின்னு பாரு. நெஞ்சுல ஏறின மூச்சு வயித்துக்கு எறங்கறது கையிலயே தெரியும்.

செப்டம்பர் 15

எந்த உருப்படியில ஆரம்பிக்கறதுன்னு கேட்டிருக்க. வர்ணம். இன்னிக்கு நாம பாக்கற கச்சேரி வரிசைய பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் உருவாக்கினார்னு சொல்றோம், அதுல வர்ணத்த மொதல்ல வச்சிருக்கறது சும்மா இல்ல. தொண்டை சூடாகும், கை தாளத்துல உக்காரும், பக்கவாத்தியக்காரங்களுக்கு உன் நடை புரியும், மைக்காரருக்கு சத்தம் சரி பண்ண நேரம் கெடைக்கும். புதுசா கத்துக்கிட்ட வர்ணம் வேண்டாம், அஞ்சு வருஷத்துல உனக்கு சலிச்சே போன வர்ணம் எதுவோ அதுதான்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டாம் கால வரி ஒண்ண மனசுக்குள்ள பாடிப் பாரு. அது சௌகரியமா வந்துதுன்னா அதுல பாதிதான் முதல் காலம். இத நானே கண்டுபிடிச்சேன்னு பீத்திக்கிட்டு இருந்தேன், எங்க சார் இருவது வருஷமா எல்லார்கிட்டயும் சொல்றாராம், நான்தான் கவனிக்கல.

செப்டம்பர் 22

ஹார்வர்ட்ல அலிசன் வுட் ப்ரூக்ஸ்னு ஒருத்தர் பண்ண ஆராய்ச்சி, 2014ல வந்தது. ஆளுங்கள கரோக்கே பாட வச்சு, பாடறதுக்கு முன்னாடி சில பேர "எனக்கு பதட்டமா இருக்கு"ன்னு சொல்லச் சொன்னாங்க, சில பேர "குதூகலமா இருக்கு"ன்னு சொல்லச் சொன்னாங்க. மெஷின் கொடுத்த மார்க்ல குதூகலக் கும்பல்தான் மேல. ரெண்டுலயும் இதயம் ஒரே மாதிரிதான் அடிக்குது, பேரு மாத்தறதுதான் வித்தியாசம். "அமைதியா இரு"ன்னு அடக்கறத விட இது சுலபம்னு அவங்க வாதம்.

படிச்சுட்டு கண்ணாடி முன்னாடி நின்னு "குதூகலமா இருக்கு"ன்னு சொல்லிப் பாத்தேன், எனக்கே சிரிப்பு வந்துடுச்சு, யாரு வாயிலேந்து அந்த வார்த்தை வருது. நம்ம பேச்சுல வேற வார்த்தை இருக்கு. படபடப்பா இருக்குன்னா ஆஸ்பத்திரி ஞாபகம் வருது, பரபரன்னு இருக்குன்னா தீபாவளிக்கு மொத நாள் ராத்திரி ஞாபகம் வருது. நான் "பரபரன்னு இருக்கு"ன்னு சொல்லிக்கறேன். வேலை செய்யுதான்னு அக்டோபர்ல சொல்றேன், எனக்கும் கோயில்ல 8ஆம் தேதி ஒரு மணி நேரம் இருக்கு.

அக்டோபர் 9

நேத்து முடிஞ்சுது. எழுதணும்னு ராத்திரி தூக்கமே வரல.

சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பம். அஞ்சு மணிக்கு பரபரன்னு இருக்கு பரபரன்னு இருக்குன்னு சொல்லிக்கிட்டே மூணு தடவ பாத்ரூம். மேடைன்னா ரெண்டு பெஞ்ச சேத்துப் போட்டு ஜமக்காளம். அம்பாளுக்கு அன்னிக்கு மஞ்சள் பட்டு. எதிர்ல ஒரு நாப்பது பேர், அதுல பாதி சுண்டலுக்கு. கண்ண எங்க வைக்கறதுன்னு போன வருஷம் தெரியாம, தாளம் தப்பா போடற ஒரு பெரியம்மாவப் பாத்து நானும் கவுந்தேன், அதனால இந்தத் தடவ குத்துவிளக்குச் சுடரையே பாத்தேன்.

வர்ணம் முதல் காலம். நல்ல நடை, எனக்கே ஆச்சரியம். ரெண்டாம் காலத்துக்கு மாறி ஒரு வரி பாடியிருப்பேன், தம்பூரா நின்னுபோச்சு. தம்பூரா என் போன்ல ஆப். ஸ்பீக்கர்ல கோயில் முழுக்க என் ரிங்டோன். கேஸ் சிலிண்டர் கொண்டுவர்றவர். எடுத்து கட் பண்ண கை நீட்டினா தாளம் போயிடும், விட்டா அவர் விடமாட்டார், மிருதங்கப் பையன் ஒரு கையால வாசிச்சுக்கிட்டே மறு கையால போன எட்டித் தட்டினான். நாப்பது பேரும் சிரிச்சாங்க, நானும் பாடிக்கிட்டே சிரிச்சேன், வயலின் பொண்ணு ஸட்ஜத்த இழுத்துப் புடிச்சுக்கிட்டா. அதுக்கப்புறம் பயம் எங்க போச்சுன்னே தெரியல. இதவிட என்ன நடந்துடும்.

நடந்துது. மெயின் உருப்படியில கல்பனாஸ்வரம் (அந்த நேரத்துல யோசிச்சுப் பாடற ஸ்வரம்), அர எடம் தள்ளி எடுப்பு, தைரியம் ஜாஸ்தியாகி கணக்கு ஒண்ணு போட்டேன், வந்து விழுந்தது அர அட்சரம் லேட்டா. மிருதங்கம் அத அப்படியே அள்ளி மூடிட்டான். பயம் போனா கவனமும் சேந்து போகும்னு இதுவரைக்கும் யாரும் எனக்கு சொல்லல.

தம்பி, ஆப் வச்சா ஏரோப்ளேன் மோட். இல்லாட்டி பழைய ஸ்ருதிப் பெட்டி.

அக்டோபர் 13

தம்பி பாடிட்டு எழுதியிருக்கான், இங்கயும் போடச் சொன்னான். வர்ணம் ஓகே. ரெண்டாவது கீர்த்தனை சரணத்துல வரி மறந்து, முந்தின சங்கதியவே மூணு தடவ பாடி, நாலாவதுல வரி வந்துடுச்சாம். கீழ எறங்கினதும் ஒரு மாமா "அந்த எடத்துல சங்கதிய வளத்தீங்களே, பிரமாதம்"னாராம். இவன் பாட்டி மட்டும் சுண்டல் கிண்ணத்த நீட்டிக்கிட்டே "மறந்துட்டியா?"ன்னாங்களாம்.

கை வேர்த்ததுக்கு பாக்கெட்ல கர்ச்சீப் வச்சிருந்தானாம். இத யோசிக்கவே இல்லையே நான்.

நவம்பர் 3

நோட்ட பாத்து பாடலாமாங்கற சண்டை இங்க ஒரு வாரமா நடக்குது. பாத்துக்கோங்க. இருக்குங்கற தைரியமே பாதி. ஆனா ஃபேன் காத்துக்கு பக்கம் பறக்கும், துணி கிளிப் ரெண்டு எடுத்துட்டுப் போங்க.

2025 ஜனவரி 19

நேத்து திருவையாறு தியாகராஜர் ஆராதனை. காவிரிக்கரையில கூட்டத்தோட கூட்டமா உக்காந்து பஞ்சரத்னம், அஞ்சு ராகத்துல அவரோட அஞ்சு கீர்த்தனை. நாட்டை, கௌளை, ஆரபி வரைக்கும் தெரியும். வராளி எனக்கு அரைகுறை, அத குரு நேரா சொல்லிக்கொடுக்கக் கூடாதுன்னு ஒரு நம்பிக்கை, எங்க சாரும் கேட்டுக் கத்துக்கோன்னு விட்டுட்டார். நாலு எடத்துல வரி போச்சு. போனா என்ன, பக்கத்துல உக்காந்த அம்மா பாடறாங்க, ரெண்டு வார்த்தை கழிச்சு நானும் ஏறிக்கிட்டேன். டிவிக்காரங்க கேமரா ஓடுது, அத்தனை ஆயிரம் பேர், எனக்கு கை கூட வேர்க்கல.

ஸ்ரீ ராகம் முடிஞ்சு பஸ்ல வர்றப்ப இதேதான் ஓடுது மண்டையில. அப்ப எனக்கு பாடறதோ கூட்டமோ பயம் இல்லியா? மறந்தா எடுத்துக் கொடுக்க ஆள் இல்லங்கறதுதானா? ஆனா 1993லயும் வயலின் சார் எடுத்துக் கொடுத்தாரே, ரெண்டு தடவ. என் காதுல அது விழுந்துது. எனக்கு அத வாங்கிக்கத் தெரியல. கேஸ்காரர் போன் வந்தப்ப மட்டும் வயலின், மிருதங்கம் ரெண்டு பேர்கிட்டேந்தும் வாங்கிக்கிட்டேன், ஏன்னா அப்ப தப்பு என்னோடது இல்ல, போனோடது. இப்படி எழுதிட்டேன், சரியான்னு தெரியல, யாராவது பிச்சு எறிங்க.

ஜனவரி 24

ஒரு திருத்தம். இங்க ரெண்டு மூணு பேருக்கு தனியா "யாரும் ஞாபகம் வச்சுக்க மாட்டாங்க, கவலப்படாதீங்க"ன்னு ஆறுதல் சொல்லியிருக்கேன். நேத்து ஒரு கல்யாணத்துல பெரியப்பா பொண்ணு, என்னோட ஸ்கூல்ல படிச்சவ, பந்தியில பக்கத்துல உக்காந்து, 31 வருஷம் கழிச்சு, "நீ மைக் ஸ்டாண்ட தள்ளிவிட்டுட்டு ஓடினியே, அரக்குப் பாவாடை, ஜிமிக்கி ஒண்ணு கீழ விழுந்துது, நான்தான் எடுத்துக் கொடுத்தேன்"ங்கறா. களுக்னு சிரிச்சது யாருன்னு கேட்டேன். அவதானாம்.

ஞாபகம் வச்சுக்கறாங்க. சொன்னத வாபஸ் வாங்கறேன். அவளுக்கு என் அப்பளத்தையும் கொடுத்தேன்.

ராம நவமிக்கு ஒன்றரை மணி நேரம் பாடறியான்னு கோயில்ல கேட்டிருக்காங்க, சரின்னுட்டேன், சொன்ன நிமிஷத்துலேந்து வயித்தக் கலக்குது. தம்பி, உன் பாட்டி ஏப்ரல்ல கும்பகோணம் வர்ற மாதிரி இருந்தா முன்கூட்டியே சொல்லிடு, பின் வரிசையில உக்கார வைக்க ஏற்பாடு பண்றேன்.